வயதான குவார்ட்டர்பேக்கை டிவியில் பார்த்து எடை போட முடியுமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான். நீங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆபீஸில் மதியம் சாப்பிட உட்கார்ந்தால், ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸ் தன் நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பிரெட் ஃபார்வை 2008-ல் வேறு அணிக்கு அனுப்பியது சரியா தப்பா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். கூடவே டிவி வர்ணனையாளர்களுக்கும் திட்டு விழுகிறது. "தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்" என்கிறார் ஒருவர், "நம்ம டீம் என்றாலே அவர்களுக்கு ஆகாது" என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டது இது: வயதான ஒரு நட்சத்திரத்திடம் இன்னும் சரக்கு இருக்கிறதா என்பதை ஆட்டத்தை டிவியில் பார்த்து, வர்ணனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? பாதிதான் முடியும். அந்தப் பாதி எது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என் தகுதி. நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. மில்வாக்கி பக்கம் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். பையன் ஹைஸ்கூல் அணியில் ஆடும்போது மேட்சைப் படம் பிடிக்க ஆள் தேடினார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்குக் கேமராவும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள் போல, என்னை மாடியில் ஏற்றிவிட்டார்கள். பையன் படிப்பை முடித்துக் கிளம்பிய பிறகும் நான் கிளம்பவில்லை. மொத்தம் ஒன்பது சீசன், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒவ்வொன்றும் குளிரில் நின்று படம் பிடித்து, சனிக்கிழமை காலை கோச்சுகளோடு உட்கார்ந்து அதையே பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

என் முதல் ஆட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். எதிரணி குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பது போலப் பாவனை காட்டினான். நான் அந்த ஓடுகிறவனோடு கேமராவைத் திருப்பிவிட்டேன். பந்து குவார்ட்டர்பேக்கின் கையிலேயே இருந்தது. மறுபக்கம் ஒரு நாற்பது யார்டு பறந்து டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) ஆகிவிட்டது. என் படத்தில் கையில் ஒன்றுமில்லாத ஒரு பையன் கீழே விழுவது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. மறுநாள் கோச் திட்டவில்லை. "பந்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கி ஜனங்கள் வருகிறார்கள். நீ இருபத்திரண்டு பேரையும் பார்" என்றார். அதற்கப்புறம் அகலமாக வைத்து, பந்து எங்கே போனாலும் அசையாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். தொழில்முறை லீகான என்எஃப்எல்லிலும் கோச்சுகள் இப்படிப்பட்ட படத்தைத்தான் பார்ப்பார்கள். ஆல்-22 என்று பெயர். 2012-லிருந்து பணம் கட்டினால் ரசிகர்களும் பார்க்கலாம் என்று என்எஃப்எல் திறந்துவிட்டது. அதைப் பார்க்கத் தொடங்கிய பிறகு டிவியில் ஆட்டம் பார்ப்பதே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

டிவி கேமரா பந்தோடு போகிறது. ஒவ்வொரு நகர்வும் தொடங்கும்போது குவார்ட்டர்பேக்கும் அவருக்கு முன்னால் நிற்கும் வரிசையும் தெரியும். பந்தை வாங்க ஓடுகிறவர்கள் இரண்டு விநாடியில் படத்தைவிட்டு வெளியே போய்விடுவார்கள். ஆழத்தில் காவல் நிற்கும் சேஃப்டிகள் பல நேரம் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. பந்து எறிந்த பிறகுதான் கேமரா அங்கே ஓடும். ஆக, நாம் பார்ப்பது எறிகிறவரின் கையையும் பந்து போய்ச் சேர்ந்த இடத்தையும். யாருக்கு எறியாமல் விட்டார், ஏன் விட்டார் என்பது தெரியாது. வர்ணனை அறையில் இருப்பவருக்கு மைதானம் முழுக்கத் தெரியும்தான். ஆனால் உங்கள் திரையில் என்ன ஓடுகிறதோ அதற்கு ஒட்டித்தான் அவர் பேசியாக வேண்டும். ஒரு நகர்வுக்கும் அடுத்த நகர்வுக்கும் நடுவில் அவருக்குக் கிடைப்பது முப்பது நாற்பது விநாடி. அதற்குள் ரீப்ளே, அதற்குள் விளக்கம்.

இன்னொன்றும் உண்டு, இதை உங்கள் ஆபீஸ்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். தேசிய ஒளிபரப்புக் குழு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றிரண்டு நாள் முன்னால் இரு அணிக் கோச்சுகளையும் குவார்ட்டர்பேக்குகளையும் உட்கார்ந்து சந்திக்கும். எழுதப்படாத ஒப்பந்தம் போல மனம்விட்டுப் பேசுவார்கள். எதை ஒளிபரப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது பேச்சோடு பேச்சாகத் தீர்மானமாகும். அடுத்த மாதமும் அதே ஆளைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் "இவர் கதை முடிந்தது" என்று வாயில் வருமா? இந்தச் சந்திப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி: பேர்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2024-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வர்ணனைக்கு வந்தபோது, அவர் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரராகவும் ஆகிக்கொண்டிருந்தார். அதனால் அந்த சீசன் முழுக்க இந்தச் சந்திப்புகளில் அவர் கலந்துகொள்ளக்கூடாது என்று லீக் தடை போட்டது. வெறும் உபசாரப் பேச்சாக இருந்தால் எதற்குத் தடை?

அப்புறம், வர்ணனை சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள், பலர் பழைய குவார்ட்டர்பேக்குகள். டிராய் எய்க்மனை டல்லஸ் அணி 2001 மார்ச்சில் விடுவித்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி, முதுகு வேறு. 34 வயதில் ஓய்வு. அந்த வருடமே ஃபாக்ஸில் மைக் பிடித்தார். அதே டல்லஸின் டோனி ரோமோ 2016-ல் முதுகு அடிபட்டு வெளியே இருந்தபோது புதுப்பையன் டாக் பிரெஸ்காட் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் ரோமோ சிபிஎஸ் வர்ணனை அறைக்குள் போனார். அங்கே யாருடைய நாற்காலியில் உட்கார்ந்தார் தெரியுமா? ஃபில் சிம்ஸ். அந்த சிம்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் 1994-ல் கழற்றிவிட்டது, அதுவும் அணியை பிளேஆஃப் (கோப்பைக்கான நாக் அவுட் சுற்று) வரை கொண்டுபோன சீசனுக்கு அடுத்தாற்போல. ஒரு அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பு நடைமுறைக்கு வந்த முதல் வருடம் அது. பாவம், மைதானத்தில் ஒரு தடவை, வர்ணனை அறையில் ஒரு தடவை என்று இரண்டு முறை இளையவருக்கு இடம் விட்ட மனுஷன். இவர்கள் 39 வயது குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசும்போது பாதி தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். இது நிரூபிக்க முடிகிற விஷயமில்லை. ஆனால் கேட்டுப் பழகினால் குரலில் தெரியும்.

அதே சமயம், "அவர்களுக்கு நம் அணி என்றால் ஆகாது" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஆட்டத்தைப் பற்றி மினசோட்டாக்காரரும் விஸ்கான்சின்காரரும் இதே வார்த்தையைச் சொல்வதை என் வீட்டு ஹாலிலேயே கேட்டிருக்கிறேன். உள்ளூர் ரேடியோ வர்ணனை காதுக்குப் பழகிவிடுவதால் வரும் கோளாறு இது. இங்கே நிறையப் பேர் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவில் பல வருடம் வெய்ன் லாரிவி, லாரி மெக்காரன் ஜோடியைக் கேட்டார்கள். மெக்காரன் பேக்கர்ஸ் அணியில் சென்டராக ஆடியவர். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு எதிராளியின் மேல் மோதுவதே பிழைப்பாக இருந்தவர், ஆகையால் பேச்சு வரிசையைப் பற்றி இருந்தது. எனக்கு அவர் பேச்சு பிடிக்கும். ஒரே தொல்லை, ரேடியோ டிவியை முந்திவிடும்; பந்து எறியும் முன்பே டச்டவுன் என்று கத்திவிடுவார்கள். வர்ணனையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது: 1980 டிசம்பர் 20 அன்று ஜெட்ஸ்-டால்ஃபின்ஸ் ஆட்டத்தை என்பிசி வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பியது. ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, ஃபார்வுக்கு வருவோம். (எழுத்துப்படி உச்சரிக்கப் போனால் வேறு மாதிரி வரும், இங்கே எல்லோரும் ஃபார்வ் என்பார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.) நடந்ததில் சந்தேகமே இல்லாதவை இவை. 2007 சீசனில் அவர் 38 வயதில் அணியை 13-3 (13 வெற்றி, 3 தோல்வி) என்று கொண்டுபோனார். 2008 ஜனவரி 20, பேக்கர்ஸின் லாம்போ மைதானம், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்தை ஜயன்ட்ஸின் கோரி வெப்ஸ்டர் பிடித்தார். ஆட்டம் 23-20 என்று போனது. மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார், கோடையில் திரும்பி வருகிறேன் என்றார். அதற்குள் அணி 2005-ல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்து மூன்று வருடம் உட்கார வைத்திருந்த ஆரன் ராட்ஜர்ஸ் பக்கம் போய்விட்டது. ஆகஸ்டில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸுக்கு.

இனிமேல்தான் வேடிக்கை. ஜெட்ஸ் முதலில் 8-3 என்று பறந்தது. கிரீன் பேயில் ராட்ஜர்ஸின் முதல் சீசன் 6-10. அந்த நவம்பரில் இங்கே கடைத்தெருவில் நின்று கேட்டிருந்தால் பத்தில் ஏழு பேர் "தப்புப் பண்ணிவிட்டார்கள்" என்றிருப்பார்கள். பிறகு ஜெட்ஸ் கடைசி ஐந்தில் நான்கைத் தோற்றது. ஃபார்வ் அந்த சீசனை 22 டச்டவுன், எதிரணியிடம் பிடிபட்ட பந்து 22 என்று முடித்தார். "பார்த்தாயா, முடிந்துவிட்டது" என்றார்கள். எறியும் கையில் பைசெப்ஸ் தசைநார் கிழிந்திருந்தது. காயப் பட்டியலில் அவர் பெயரைப் போடாமல் ஜெட்ஸ் ஆடியதற்காக அடுத்த வருடம் லீக் அந்த அணிக்கு அபராதம் போட்டது. அதாவது, டிசம்பர் முழுக்க நாமும் வர்ணனையாளர்களும் வயசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அது காயம். வெளியே இருந்து பார்த்தால் வயதும் காயமும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

2009-ல் அவர் போயும் போயும் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். பேக்கர்ஸுக்குப் பக்கத்து மாநிலப் பங்காளி அது. 40 வயதில் 33 டச்டவுன், ஏழே ஏழு பந்துதான் பிடிபட்டது. அக்டோபரில் இரு அணிகளும் மோதிய திங்கள்கிழமை ஆட்டத்தை இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், கேபிள் டிவியில் அன்றுவரை அதுதான் சாதனை. நவம்பர் 1 அன்று ஊதாச் சட்டையோடு லாம்போவுக்குள் வந்தவரை அரங்கமே ஊளையிட்டு வரவேற்றது. அவர் நான்கு டச்டவுன் எறிந்து 38-26 என்று ஜெயித்துவிட்டுப் போனார். திரும்பவும் "தப்புப் பண்ணிவிட்டார்கள்". 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் கணுக்கால் வீங்கிய நிலையில், ஆட்டம் சமமாக இருந்தபோது, கொஞ்ச தூரம் ஓடி விழுந்திருந்தாலே போதும் என்ற நேரத்தில், வலப்பக்கம் ஓடிக்கொண்டே இடப்பக்கம் குறுக்கே எறிந்தார். டிரேசி போர்ட்டர் பிடித்தார். கூடுதல் நேரத்தில் 31-28 என்று செயின்ட்ஸ் ஜெயித்தது. அதே ஆட்டத்தை வைக்கிங்ஸ் ரேடியோவில் பால் ஆலன் சொன்னதைத் தேடிக் கேளுங்கள். அழுகையும் கோபமும் கலந்த ஒரு வர்ணனை அது, தேசிய ஒளிபரப்பில் அப்படி ஒருவர் பேசவே முடியாது. ஒரு வருடம் கழித்து, 2011 பிப்ரவரி 6, ராட்ஜர்ஸ் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். மூன்று சீசனில் தீர்ப்பு நான்கு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தீர்ப்புச் சொன்னவர்கள் உறுதியாகத்தான் சொன்னார்கள்.

அந்த நியூ ஆர்லியன்ஸ் எறிதலில் கையில் பழுது இல்லை. பந்து வேகமாகத்தான் போனது. கை கடைசியில்தான் போகும் என்பது சனிக்கிழமைக் காலைகளில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். எறிகிற சக்தி பாதத்திலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகத் தோளுக்கு வருகிறது. கால் போனால் கை மட்டும் என்ன செய்யும்? ஆகவே நீங்கள் டிவியில் பார்க்கும்போது முதலில் பாதங்களைப் பாருங்கள். எறியும் நேரத்தில் முன்னங்கால் தரையில் ஊன்றுகிறதா, இல்லை பின்பக்கம் சாய்ந்தபடி எறிகிறாரா? அடி வாங்கிய பிறகு எப்படி எழுந்திருக்கிறார் என்பதைவிட, அடி விழும் முன்பே பந்தைக் கைகழுவுகிறாரா என்று பாருங்கள். அனுபவத்தால் சீக்கிரம் எறிவது வேறு, பயத்தால் சீக்கிரம் எறிவது வேறு. முன்னதில் பந்து முன்னோக்கிப் போகும், பின்னதில் பக்கத்தில் நிற்பவனுக்குப் போகும். இந்த வித்தியாசத்தை டிவியிலேயே பிடிக்கலாம்.

டிவியில் பிடிக்க முடியாதது சேஃப்டிகள் நிற்கும் இடம். இந்த ஆள் இனி ஆழமாக எறியமாட்டார் என்று எதிரணிக்குத் தோன்றிவிட்டால் அவர்கள் இரண்டு மூன்று அடி, அப்புறம் ஐந்து யார்டு என்று முன்னால் நகர்ந்து வருவார்கள். டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கின் 2015 சீசனை அகலப் படத்தில் பார்த்தபோது அதைத்தான் கவனித்தேன். நான் பார்த்த வரையில் அக்டோபரிலேயே அந்த மரியாதை போய்விட்டிருந்தது. நவம்பர் 15 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராக எறிந்த 20-ல் 5 மட்டும் சேர்ந்தது, 35 யார்டு, நான்கு பந்து எதிரணி கைக்கு. அன்றைக்கே அவர் ஃபார்வின் மொத்த யார்டு சாதனையை முறியடித்தார், அன்றைக்கே வெளியே உட்கார வைக்கப்பட்டார். ஆனால் பிப்ரவரியில் அதே மானிங் சூப்பர் பவுல் கோப்பையோடு நின்றார். 141 யார்டுதான் எறிந்தார்; ஜெயித்துக்கொடுத்தது தடுப்பாட்டம். அன்று அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது தப்புப் பண்ணாமல் இருப்பது மட்டும். "முடிந்துவிட்டாரா" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த வேலைக்கு" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிரேடியின் 2019 சீசனை அகலப் படத்தில் பார்த்துவிட்டு அவர் கதை முடிந்தது என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். பேட்ரியட்ஸுக்காக அவர் எறிந்த கடைசிப் பந்தும் எதிரணி கைக்குத்தான் போனது, அது டச்டவுனாகவும் ஆனது. 13 மாதம் கழித்து டாம்பா பேக்காக 43 வயதில் சூப்பர் பவுல் ஜெயித்தார். அடுத்த சீசனில் லீகிலேயே அதிக யார்டு, 5,316. இப்போது யோசித்தால், 2019-ல் அவர் எறிய ஆள் இல்லாமல் தவித்ததை நான் அவர் வயசின் கணக்கில் எழுதிவிட்டேன். இருபத்திரண்டு பேரையும் பார் என்று சொல்லிக்கொடுத்தும் ஒருவரை மட்டும் பார்த்தேன். விதிகளும் மாறியிருந்தன: 2008-ல் பிரேடியின் முழங்கால் போன பிறகு, எறிபவரின் காலில் பாய்வதற்கு எதிரான விதியைக் கடுமையாக்கினார்கள். 2017-ல் ராட்ஜர்ஸின் காறை எலும்பு முறிந்த பிறகு, முழு உடல் எடையோடு மேலே விழுவதையும் தண்டித்தார்கள். 40 வயதுக்காரர்கள் அதிகமானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, உணவுக் கட்டுப்பாடு அது இதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

கடைசியாக, அணி நிர்வாகம் பார்க்கிற கணக்கு நாம் பார்ப்பதே இல்லை. வர்ணனையாளருக்கு இன்றைய மூன்று மணி நேரம்; நிர்வாகத்துக்கு வரப்போகிற மூன்று நான்கு வருடம், அதோடு சம்பள உச்சவரம்பு. 2020-ல் பேக்கர்ஸ் முதல் சுற்றில் ஜோர்டன் லவ்வை எடுத்தபோது ஊரே கொதித்தது. ராட்ஜர்ஸ் அந்த வருடமும் அடுத்த வருடமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிப் பதில் சொன்னார். ஆனாலும் 2023-ல் அவரும் ஃபார்வ் போன அதே ஜெட்ஸுக்குப் போனார். அவர் ஆடாத சீசனுக்கும் பேக்கர்ஸின் சம்பளக் கணக்கில் சுமார் 4 கோடி டாலர் அவர் பெயரில் நின்றது. செப்டம்பர் 11 அன்று ஜெட்ஸுக்காக இறங்கி நான்காவது நகர்விலேயே அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அனுப்பியது சரி என்று அன்று சொன்னவர்களும் உண்டு. அந்தத் தசைநார் அறுந்ததை முன்கூட்டிப் பார்த்த நிர்வாகம் எதுவும் கிடையாது, ஆகவே அதை வைத்து நிர்வாகத்தைப் புகழ நான் தயாரில்லை.

உங்கள் ஆபீஸ் சண்டையில் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று கேட்டால், 2008-ல் அனுப்பியது சரி என்ற பக்கம்தான் நான். ஆனால் அன்று அவர் முடிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் பக்கம் இல்லை. 2009 அதைப் பொய்யாக்கிவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் இரு தரப்பிலும் அடி விழும், அனுபவத்தில் சொல்கிறேன். 2009-ல் ஊளையிட்ட அதே லாம்போவில் 2015 ஜூலையில் ஃபார்வின் 4-ம் எண்ணுக்கு, இனி யாரும் அதை அணிவதில்லை என்று, ஓய்வு கொடுத்தபோது அறுபதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று மைதானத்தில் ஆட்டம் எதுவும் கிடையாது, சும்மா அவரைப் பார்க்க மட்டும். உங்கள் மேசையில் சத்தமாகப் பேசுகிற அந்த நபரிடம் அன்று எங்கே இருந்தார் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.